அட்டை செருகப்படவில்லை

கேதாரநாதன் அண்ணையின் ஹையேஸ்
காலை ஆறு ஐந்துக்கு ஒழுங்கை முகப்பில் ஸ்டார்ட் ஆகும்.
உடனே ஒரு பெண்குரல்,
குளித்துப் பவுடரும் பூசி வந்து நிற்கிற குரல்,
ஜப்பானிய மொழியில் ஒரு வசனம் சொல்லும்.
மாங்குளத்தில் அது விளங்குகிற ஒரே ஆள் நான்.

வந்த கிழமையே கேட்டார்:
"பிள்ளை, அஞ்சு வருசமா இவள் என்னத்தச் சொல்லுறாள்?
பெடியள் வணக்கமெண்டுறாங்கள்.
மனுசி, கவனமாப் போட்டு வாங்கோ எண்டுறாளாம்."
"அட்டை செருகப்படவில்லை எண்டுறாள் அண்ணை."
"என்ன அட்டை?"
"அங்கத்தைப் பெருந்தெருவுக்குக் காசு கட்டுற அட்டை."
கொஞ்சம் யோசித்தார்.
"ஓமந்தையில அட்டை கேட்ட காலத்தில
இவள் வந்திருக்கலாம், ஞாபகப்படுத்தியிருப்பாள்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
பிறகு இரண்டு பேரும் ஏ-ஒன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கக் கதவில் அழிக்காத எழுத்துகளும் இருக்கின்றன.
அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை:
'ஹோஷினோ ஈமச்சடங்குச் சேவை. இரவு பகல் எந்நேரமும்.'
போன மாதம் அந்த வானில்தான்
முள்ளியவளைக்குப் பொம்பிளை எடுக்கப் போனார்கள்.
முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம்.

சைத்தாமாவில் ஆறு வருடம் இரவு வேலை.
பட்டியில் நகர்ந்து வருகிற சோற்றுப் பெட்டிகளில்
வெள்ளைச் சோற்றின் நடுவில்
ஓர் உப்புப் பழம் வைப்பேன். அவ்வளவுதான் வேலை.
இப்போதும் இரண்டு மணிக்கு முழிப்பு வரும்.
விரல்கள் நுளம்புவலைக்குள் எதையோ வைத்துக்கொண்டிருக்கும்.

பிரதேச செயலகத்திலிருந்து போன் வந்தால்
எழும்பிக் குனிகிறேன்.
தங்கச்சி துவாரகி அதை வீடியோ எடுத்துச்
சுவிஸ்வரைக்கும் அனுப்பிவிட்டாள்.
குப்பைக்கு மூன்று பை வைத்தேன்:
எரிவது, எரியாதது, திரும்பப் பாவிப்பது.
சனிக்கிழமை அவள் மூன்றையும் ஒரே நெருப்பில் கொட்டினாள்.
எரியாததைப் புதைக்கலாமென்று மண்வெட்டி எடுத்தேன்.
"அக்கா, அந்தப் பக்கம் கிண்டாதை" என்றாள்,
உலையில் அரிசி போட்டபடி, குரல் உயர்த்தாமல்.
இந்த மண்ணுக்குள் வகை பிரிக்காமல் கிடக்கிறது, கனக்க.

அங்கே ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால்
ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள்.
யாழ்தேவி நாற்பது நிமிடம் பிந்தி வந்தது.
நான் மட்டும் காத்திருந்தேன், அறிவித்தலுக்கு.
கச்சான் விற்கிற அக்கா சொன்னாள்,
"வந்திட்டுதானே பிள்ளை, ஏறன்."

வேலைக்குப் போகையில் அவர்கள் சொல்வது 'இத்தெகிமஸ்'.
அப்படியே எங்கட 'போட்டு வாறன்'.
முதல்நாள் அதைக் கேட்டு, செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கால் சப்பாத்தோடு அழுதேன்.
திரும்பி வந்தால் சொல்ல அவர்களுக்கு
இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'ததைமா'.
வீட்டில் இருப்பவர் சொல்லப் பதிலும் இருக்கிறது.
எங்களுக்கு அந்த இடத்தில் ஒன்றுமில்லை.
கேற் சத்தம்தான். நாய் குரைப்பதுதான்.
எழிலவன் மாத்தளனில் போட்டு வாறன் என்றவன்.
அம்மா இன்னும் கேற்றுக்கு எண்ணெய் விடவில்லை.

விமான நிலையத்திலிருந்து வந்த அன்று,
யாருமில்லை என்று நினைத்து, மெல்ல, 'ததைமா' என்றேன்.
துவாரகி குசினியிலிருந்து, "என்ன, தடிமனோ?"
இஞ்சி தட்டித் தேத்தண்ணி வந்தது.
குடித்தேன். நல்லாத்தான் இருந்தது.

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்
அந்த வசனத்தைப் பாடமாக்கிவிட்டார்கள்.
சைக்கிளில் என்னைக் கண்டால் வான் ஜன்னலால் தலை நீட்டி
ஒரே குரலில்: "காடோ கா சோன்யூ சரெத்தெ இமசென்!"
உச்சரிப்புச் சுத்தம்.
ஒரு கால் ஊன்றிக் குனிந்து வணக்கம் வைக்கிறேன்.
மற்றக் கை, கேட்காமலே,
கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தடவுகிறது.