விடைத்தாள் 212

பல்லாரட்டில் நவம்பர் இரவு.
சமையலறை மேசையில் கிளெனிஸ் ட்ரூவின்
மூன்றாவது கோப்பைத் தேநீரும் ஆறிப்போக
திரையில் வரும் பிள்ளைகளின் கையெழுத்தைத்
திருத்திக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.
ஓர் ஆற்றங்கரை ஊர்; அதன் நீச்சல் குளத்தை
மூடுவது ஏன் நல்லது என்று
நகர மன்றத் தலைவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம்.
ஊரும் பொய், தலைவரும் பொய்,
தேர்வுக்கென்று யாரோ சம்பளத்துக்கு எழுதியது.
வாசகரை எப்படி இணங்க வைக்கிறார்?
ஒரு மணி நேரத்தில் ஆராய்க.

"கேள்வி கேட்டு வாசகரை ஈர்க்கிறார்."
"புள்ளிவிவரம் தந்து வாசகரை ஈர்க்கிறார்."
"குழந்தைகளைச் சொல்லி வாசகரை ஈர்க்கிறார்."
இருநூற்றுப் பதினோரு தாள்களாய்
அந்த அப்பாவி வாசகர்
கயிறு கட்டிய கன்றுபோல்
இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறார்.
கிளெனிஸ் ஆறு போடுகிறாள். ஐந்து. மறுபடி ஆறு.

அடுத்த தாளில்
எழுத்து இடப்பக்கம் சாய்கிறது.
முதல் பத்தி முழுக்க அடித்திருக்கிறது.
பிறகு,
"நான் வினைச்சொற்களை எண்ணிப் பார்த்தேன்."

குளம் மூடப்படும்.
ஊழியர்கள் குறைக்கப்படுவர்.
கருத்துகள் கேட்கப்பட்டன.
பதினான்கு வினைகள்.
படுகிறவர் உண்டு; செய்கிறவர் ஒருவரும் இல்லை.
'நான்' ஒரே ஓர் இடத்தில்தான்:
"நானும் அங்கேதான் நீந்தக் கற்றேன்."

நீந்தும்போது இருந்த மனிதர்
மூடும்போது எங்கே போனார்?

வாழைப்பழத்தில் ஊசி ஏறிய இடத்தை
விரல் வைத்துக் காட்டிவிட்டது பிள்ளை.
கிளெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.

"வேறு வழியில்லை என்று முடிக்கிறார். யாருக்கு?
அந்தச் சொல்லுக்குள் நான் இருக்கிறேனா என்று
மூன்று முறை படித்தும் தெரியவில்லை."

இந்தக் கவிதையின் மொழியில் எழுதியிருந்தால்
தலைவர் ஏதாவது ஒன்றைச் சொல்லி
மாட்டிக்கொண்டிருப்பார்.
நாம் என்றால் உனக்கும் நாற்காலி.
நாங்கள் என்றால் நீ வாசலில்.
அவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்;
நாற்காலியைக் காட்டிக்கொண்டே
கதவைச் சாத்தலாம்.

மதிப்பெண் வழிகாட்டியில் இதற்குக் கட்டம் இல்லை.
தொனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை,
கூடவே தந்த படத்தைத் தொடவே இல்லை,
முடிவுரை பாதி வாக்கியத்தில் நிற்கிறது.
விதிப்படி ஏழு.
கை ஒன்பதின் மேல் நிற்கிறது.

திரையின் மூலையில், நான்கு நாளாய்
அனுப்பாத மின்னஞ்சல்,
வையாலாவில் இருக்கும் தம்பி நெவிலுக்கு:
"எல்லாம் யோசித்து, அப்பாவின் வீட்டை விற்பதென்று
முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. வேறு வழியில்லை."
அதற்கு மேலே ஒரு நீளப் பத்தி,
கொல்லைப் பிளம் மரத்தில் தான் ஏறி விழுந்த கதை.

இருநூற்றுப் பதின்மூன்றாவது தாள்போல
அதைப் படிக்கிறாள்.
வாசகரை ஈர்க்கிறது.
நன்றாகவே ஈர்க்கிறது.

பிளம் மரத்தை அழிக்கிறாள்.
"நான் சாவியை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டேன், நெவில்.
உன்னைக் கேட்கவில்லை."
மொட்டையாக, அசிங்கமாக இருக்கிறது.
இது ஒருவரையும் இணங்க வைக்காது.

அனுப்பவில்லை. பழையபடி மாற்றவும் இல்லை.
ஒன்பது போட்டுவிட்டு
அடுத்ததைத் திறக்கிறாள்:
"கடிதத்தை எழுதியவர்
உணர்ச்சி பொங்கும் சொற்களால் வாசகரை"

எழுந்து போய்
கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிறாள்.