சிறுகோட்டுக்குப் பின்

திரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாட்களில்
நூலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னல்
விழப்போகும் பல்லைப்போல ஆடும்.
அதன் கீழே உட்கார்ந்து
இறந்தவர்களைச் சரிபார்க்கிறேன்.
என் பதவிக்கு நீளமான பெயர் உண்டு. வேலை இதுதான்.

வோடோபிவெத்ஸ், ஸோரா, 1898–
சிறுகோட்டுக்குப் பின் ஒன்றுமில்லை.
எங்கள் விதிப்படி அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள்,
நூற்றிருபதைத் தாண்டிய வயதில்.
அவள் பெயரில் ஒரே புத்தகம்:
கார்ஸ்ட் மேட்டின் கிணறுகள், கோரீத்ஸா, 1923.
எண்பத்தெட்டுப் பக்கம். மடிப்பு வரைபடங்கள் இரண்டு;
ஒன்றைக் காணோம்.

அடுத்த இழுப்பறையில், அடுத்த மொழியில்,
பெவிலாக்வா, ஆல்பா.
வீட்டுக் குழாய் ஒழுகினால், 1932.
இடையில் ஓர் ஆணை வந்திருந்தது:
ஸ்லாவியக் குடும்பப்பெயர்கள் இத்தாலியமாக வேண்டும்.
வோடோபிவெத்ஸ் என்றால் தண்ணீர் குடிப்பவர்.
பெவிலாக்வா என்றாலும் தண்ணீர் குடிப்பவர்தான்.
ஸோரா விடியல்; ஆல்பாவும் விடியல்.
யாரோ ஓர் எழுத்தர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
மிக நேர்மையாகக் கொள்ளையடித்திருக்கிறார்.

கணினிப் பிரிவின் தூலியோ சொன்னான்:
“பெயரை விடுங்கள் நெவெங்கா, பெயர் வெறும் எழுத்துக்கோவை.
ஆளுக்கு ஒரு முகவரி கொடுங்கள்,
வலையில் எவரும் வந்து நிற்கக்கூடிய முகவரி.”
நான்கு ஆண்டில் ஐந்து வாடகை வீடு மாறியவன் அவன்.
முகவரியை அவன் லேசாகச் சொல்லமாட்டான்.

இயக்குநருக்குத்தான் மனமில்லை.
நூறாண்டு உழைப்பை
எவனோ அள்ளிக்கொண்டு போவதா, சும்மா?
“இறைக்காத கிணறு நாறும்” என்றேன்.
வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு கையெழுத்திட்டார், பேனா சரியாக எழுதாததால் இரண்டு முறை.

அன்றிரவு
நூறாம் புலத்தில் பூட்டிக் கிடந்த பெயர்
புலம்பெயர்ந்தது.

இவளும் அவளும் ஒருத்தியே என்று சொல்ல
எங்களிடம் ஒரு தொடுப்பு உண்டு.
அதைப் போட எனக்குப் பயம்.
நான் தயங்குவேன், இயந்திரங்கள் தயங்காது;
ஒன்று என்றால் ஒன்று என்றே
உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகும்.
தண்ணீரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் ஒருத்தியா என்ன?
“இருக்கலாம்” என்று மட்டும் எழுதிவைத்தேன்.

பதினோரு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை,
அந்த முகவரியில் புதிதாக ஒரு தொடுப்பு வந்து நின்றது.
ரொசாரியோ, அர்ஜென்டீனா. துறைமுக அலுவலக நூலகம்.
இட்டவர் கிராசியேலா ஓத்தேகி; நான் பார்த்ததில்லை.
வோடோபிவெக், அவுரோரா, 1898–1974.
பரானா ஆற்றின் வெள்ளக் குறிகள், 1951.
குறிப்பு: முன்னுரையில் ஆசிரியர்
தம் பழைய நூலொன்றின் பிழையைத் திருத்துகிறார்.
பக்கம் 41. கிணற்றின் ஆழம் பதினேழு மீட்டர் அல்ல,
பத்தொன்பது.

கிடங்குக்கு இறங்கினேன்.
மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை.
பக்கம் 41.
பதினேழு.

இருபத்தெட்டு ஆண்டுகள், ஒரு போர், ஒரு பெருங்கடல்,
மூன்றாவது முறையாக ஒரு விடியல்;
அத்தனைக்கும் அப்பால் அவளை உறுத்திய இரண்டு மீட்டர்.
வேறு யாருக்கு உறுத்தும்?

மேலே வந்து “இருக்கலாம்” என்பதை அழித்தேன்.
சிறுகோட்டுக்குப் பின் நான்கு இலக்கம் தட்டி
அவளைப் போகவிட்டேன்.

விருப்பப் பெயர் எது என்று படிவம் கேட்டது.
அவளையல்லவா கேட்கவேண்டும்?
ஸ்லொவேனியத்தில் தேடுபவருக்கு ஸோரா,
ஸ்பானியத்தில் வருபவருக்கு அவுரோரா.
ஆல்பாவை நீக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது.
நீக்கவில்லை. குழாய்ப் புத்தகமும் அவள் எழுதியதுதானே,
நல்ல புத்தகம், என் சமையலறைக்கே உதவியது.

ஜன்னல் இன்னும் ஆடுகிறது.
அடுத்த பதிவு:
மா. பெ., உப்பளத் தொழிலாளர் கணக்கேடு.
முதலெழுத்துகள் மட்டும்.
கோட்டுக்கு முன்னும் ஒன்றுமில்லை.