வாசலில் வைத்தாயிற்று

இரவில் நான் ஓட்டுநர் ஐயா.
விடிகாலையில் போதகர் ஐயா.
நடுவே சட்டை மாற்ற ஏழு நிமிடம்.
கோழி பொரிக்கும் கடைக்கு மேலே,
மூன்றாம் மாடியில்,
வாடகை பாக்கியோடு என் சபை.

கூரைமேல் சிவப்புக் குழல்விளக்குச் சிலுவை.
இடது கை எரியாமல் போய் இரண்டு மாதம்.
பழுது பார்ப்பவன் கேட்ட தொகைக்கு
நானூறு பெட்டி ஏற்றி இறக்க வேண்டும்.
அதுவரை புச்சோன் நகரத்து வானில்
என் ஆண்டவர் ஒற்றைக் கையோடு நிற்கட்டும்.

நவம்பர். ஜிங்கோப் பழங்கள் நசுங்கி
நடைபாதையெல்லாம் வாடை.
பல்கலைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.
வண்டியில் ஊரின் பயம் ஏறிக்கொண்டே இருக்கிறது:
ஒட்டினால் தேறலாம் என்று பிசுபிசு மிட்டாய்,
ஜின்செங் சாறு,
மலைக்கோயிலுக்கு மெழுகுவத்திக் கட்டுகள்.
நான் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை.
முகவரி போதும்.

ஒன்று பத்து. லிஃப்ட் இல்லாத கட்டடம், ஐந்தாம் மாடி.
மூங்கில் கழியில் வெள்ளையும் சிவப்புமாய்க் கொடி.
சாமியாடி வீடு.
பேரிக்காய் பதினைந்து கிலோ, அரிசி இருபது.
குறிப்பில் எழுதியிருந்தாள்:
மணி அடிக்காதீர்கள், உள்ளே ஆள் இருக்கிறது.
இத்தனை படிக்கு மன்னிக்கவும்.
ஜன்னல் விளிம்பில் வைட்டமின் பானம், உங்களுக்குத்தான்.

என் சபையில் இதுவரை யாரும்
படிக்கட்டுக்காக மன்னிப்புக் கேட்டதில்லை.

இறக்கி வைத்து, விதிப்படி ஒரு படம் எடுத்தேன்.
ஒளி வெட்டியபோதுதான் பார்த்தேன்,
பெட்டியை ஒட்டி ஒரு சோடி காலணி.
ஊதா நிறம். வலதில் மட்டும் கறுப்பு நாடா.
ஞாயிறுதோறும் எங்கள் செருப்பு அலமாரியில்
இரண்டாம் தட்டு, ஓரம்.
தாக் யோங்-நான்.
காணிக்கை எண்ணும் டீக்கனம்மா.
மகன் மூன்றாம் முறையாய் எழுதுகிறான்.

கதவுக்குப் பின்னால் சலங்கைமணி ஒருமுறை குலுங்கி
நின்றது.
படத்தை அழித்தேன்.
பெட்டியை ஒரு முழம் நகர்த்தி
மறுபடி எடுத்தேன்.
பேரிக்காய், அரிசி, கதவு எண். அவ்வளவுதான்.
அனுப்பினேன்: வாசலில் வைத்தாயிற்று.

பானத்தை இறங்கும்போதே குடித்தேன்.
மறுக்க என்ன இருக்கிறது, இனிப்பாகத்தான் இருந்தது.

ஐந்து மணி ஜெபத்துக்கு ஆறு பேர்.
அவள் முதல் வரிசை. கண் வீங்கி.
அந்நிய தெய்வங்களைப் பற்றிப் பேசுவதாய்
வாரத் தாளில் அச்சடித்திருந்தேன்.
தாளை மடித்து
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
இன்று பிரசங்கம் இல்லை, வாய்விட்டு ஜெபிப்போம்.
மூன்று முறை 'ஆண்டவரே' என்று கூவினோம்;
பிறகு அவரவர் கூச்சல் அவரவர்க்கு.
ஏழு குரலும் ஒன்றோடொன்று இடித்து முட்டியதில்
கியூ-ஹா, கியூ-ஹா என்று ஒரு பெயர் மட்டும்
திரும்பத் திரும்பக் கேட்டது.
நான் என் குழல்விளக்கைத்தான் கேட்க வந்தேன்.
கியூ-ஹா என்றே என் வாயிலும் வந்தது.

போகும்போது அவள் கோட்டில் ஊதுவத்தி மணம்.
கையில் எதையோ திணித்தாள், செய்தித்தாளில் சுற்றி.
"வீட்டில் நிறைய இருந்தது, ஐயா"
என்றாள், தரையைப் பார்த்து.
பேரிக்காய்.
இதன் எடை எனக்குத் தெரியும்.
ஐந்து மாடி.

படைத்ததை நாங்கள் தின்பதில்லை.
பீடத்தின் பின்னால் போய்க் கத்தி தேடினேன்.
சபையில் இருப்பது ஒன்றே ஒன்று,
திருவிருந்து அப்பம் நறுக்குவது.