புருவம் தெரிகிற அளவுக்கு

இரவு எட்டு மணிச் செய்தியில்
வலது பக்கக் கீழ் மூலையில்
தீப்பெட்டி அளவுக்கு அவள் இருந்தாள்.
பெயர் தெரியாது.
களுவாஞ்சிக்குடியில் நாங்கள் வைத்த பெயர்
கன்னத்தில் ஒரு விரல், இரண்டு தட்டு.
அங்கே அவளுக்கு மச்சம்.

பட்ஜெட், மண்ணெண்ணெய் விலை, மழை,
எல்லாம் அவள் கையிலிருந்துதான்
டயர்க் கடை பூட்டி வந்து
கிரீஸ் போகாத என் கைக்கு வந்தன.

முதலில் அவள் மேல்
ஓடும் எழுத்தை விட்டார்கள்.
மணிக்கட்டு வரைக்கும் தங்க விலை.
பிறகு பெட்டியைச் சுருக்கினார்கள்.
கை தெரிந்தது, புருவம் தெரியவில்லை.
காது கேட்கிறவர்களே,
எங்கள் கேள்விக்குறி புருவத்தில் இருக்கிறது.
அது போனால்
'வெள்ளம் வருமா'வும்
'வெள்ளம் வரும்' என்பதும் ஒன்றுதான்.

கார்த்திகையில் ஒருநாள்
அந்த மூலையில் பிஸ்கட் இருந்தது.

அதே கிழமை புயல்.
செய்தி வாசித்தவரின் வாய்
வலையில் விழுந்த செப்பலி போலத்
திறந்து திறந்து மூடியது.
வரைபடத்தில் சிவப்பாக ஒரு சுழி.
எங்கே, எப்போது, யாருக்கு
ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு டிலக்சன் ஓடிவந்து
லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு
மூன்று விரல் காட்டினான்.
மூன்று மணிக்கா?
மூன்று அடியா?
மூன்று பேர் போய்விட்டார்களா?
அவன் திரும்பவும் மூன்று காட்டினான்,
இன்னும் பெரிதாக, என் மூக்குக்குக் கிட்ட.
கத்திச் சொன்னால் விளங்கும் என்கிற உங்கள் பழக்கம்
விரலுக்கும் இருக்கிறது.

அரிசி மூட்டையை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு
நானும் சியாமினியும்
வெறுங்காலைத் தரையில் வைத்துக் காத்திருந்தோம்.
குதிக்கால்தான் முதலில் செய்தி கேட்டது.

மூன்று என்றால்
மூன்றாம் குறுக்குத் தெருப் பள்ளிக்கூடம்.
ஊரே அங்கே போய் இருந்ததாம்.
விடிந்த பிறகு,
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் தெரிந்துகொண்டோம்.

தை மாதம் கல்முனையில்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடையில்
பதினொரு பேர் கூடினோம்.
கூப்பிடுவதற்கு மேசையைத் தட்டித் தட்டி
நாலு பிளேன்டி கொட்டுண்டது.
மருதமுனை பஸ்மியா கடிதம் எழுதினாள்.

'அவள் வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டும்.
எழுத்து அவள் மேல் ஓட வேண்டாம்.
பெட்டி பெரிது வேண்டும்.
எவ்வளவு பெரிது, புருவம் தெரிகிற அளவு.'

கடைசி வரி:
'அவள் திரும்ப வருவாள்.'

பஸ்மியாவின் மகன் அஸ்கிக்குக் காது கேட்கும்.
வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தான்.
'வருவாளா என்றுதானே, உம்மா?
பிழையாக எழுதியிருக்கிறீங்க.'

அவள் நிமிர்ந்தாள்.
இரண்டு புருவமும் மேலே ஏறி
அங்கேயே நின்றன.

அப்படியே விடச் சொன்னோம்.
முத்திரை ஒட்டி அனுப்பியாயிற்று.