ஒரு கிலோ கல் உப்பு

முக்காலிக்கு அடுத்த சம்பளம் வரவேண்டும்.
அதுவரை யானைக்கல் பாலச் சுவரில்
ஒரு கிலோ கல் உப்பு;
அதில் குழி அமுக்கிக் கேமராவை உட்காரவைத்தேன்.

பஸ் போனால் பாலம் நடுங்குகிறது.
நடுங்கி முடியட்டும்.
விரல் பட்டாலே கலங்கும்,
அதனால் டைமர். இரண்டு நொடி.
பிறகு இருபது நொடி
இமைக்காத கண்.

பதினோராவது படத்தில்
கோரிப்பாளையத்து விளக்கெல்லாம் ஊசிமுனை.
நடுவே ஒச்சப்பன்,
டீ கேனோடு குறுக்கே வந்து
"எத்தனை?" என்று நின்று
பாதியில் நகர்ந்தவர்,
கண்ணாடியாக.

திரையைக் காட்டினேன்.
தன் சட்டை வழியே தெரிந்த ஆற்றை
வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குள்ளயும் தண்ணியக் காணோமேப்பா."

கப்பை நீட்டினார்.
"அழிச்சிராத. டீ பத்து ரூவா."

உப்பை மறக்காமல்
வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.