கோட்டு

நேர்காணல் வியாழக்கிழமை.
திங்கள் இரவே கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு
என் எட்டாம் மாடி வாசலில் நின்றாய், டுல்கூன்.
"மூன்று நாள் உன் வீட்டில் தொங்கட்டும், முங்க்சுல்.
புகை போகட்டும்."

முகர்ந்து பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.
உலான்பாதரின் வடக்கு மேட்டுக்
கூடாரக் குடியிருப்பு, அதன் நிலக்கரி,
ஒரு குளிர்காலம் முழுக்க
அந்தக் கம்பளிக்குள் குடியேறியிருந்தது.
நீ வணக்கம் சொல்வதற்குள்
அது உன் முகவரியைச் சொல்லிவிடும்.

குளியலறைக் கம்பியில் மாட்டி
வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பிடிக்கவைத்தேன்,
சளி பிடித்த பிள்ளைக்குச் செய்வதுபோல.
பைகள் நிறைய ஆரஞ்சுத் தோல்.
பிறகு பால்கனியில் ஓரிரவு. மைனஸ் முப்பத்தொன்று.
காலையில் பார்த்தால் கோட்டு தானாக நிற்கிறது,
உள்ளே யாரோ இருப்பதுபோல.

செவ்வாய் மாலை ஒத்திகை.
அண்ணனின் கண்ணாடியை மூக்கில் இறக்கி
நானே மூவர் குழு ஆனேன்.
"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."
பிறந்த ஊரில் தொடங்கினாய்;
ஐந்து நிமிடமாகியும் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை.
"உங்கள் பலவீனம்?"
"முப்பத்தேழாம் எண் பஸ்."
சிரித்தோம்.
சிரித்து முடித்து அந்தப் பஸ்ஸுக்கு மாற்றுவழி தேடினோம்.
புதன்கிழமை சும்மா ஒருமுறை போய்வந்தாய்,
அலுவலக வாசல்வரை, கடிகாரத்தைப் பார்த்தபடி:
ஐம்பத்திரண்டு நிமிடம். பனி கொட்டினால் எழுபது.

வேதியியல் பட்டத்துக்கும் இன்றைக்கும் நடுவே
நாலு வருடம் காலியாகக் கிடந்தது.
அதற்கு மட்டும் ஏழு பதில் எழுதினாய்,
ஏழையும் கிழித்தாய்.
எட்டாவது ஒரே வரி:
"இரட்டைக் குழந்தைகள். வளர்த்தேன்."
அதைத் தொடாதே என்றேன்.

வியாழன் காலை.
பேனாவை உள்சட்டைக்குள் வை, வழியில் மை உறையும்.
சான்றிதழ் இரண்டு நகல்.
பூட்ஸைக் கழற்றி மாட்ட ஒரு நல்ல ஷூ, தனிப் பையில்.
கோட்டில் ஆரஞ்சு மட்டுமே மணந்தது.
காற்றில் எவ்வளவு புகை என்று அளக்கும்
நிலையத்தில் உதவியாளர் வேலை.
அதற்குத்தான் மூன்று நாளாய்ப் புகையைத் துரத்தியிருக்கிறோம்,
இரண்டு அறிவாளிகளும்.
அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் வந்து சொன்னாய்:
இருவர் கேட்டதெல்லாம் நாம் படித்ததுதான்.
ஓரத்தில் இருந்த பெண்மட்டும்
காகிதத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டாளாம்,
"இரவில் எந்நேரம் புகை அதிகம்?"

நம் ஒத்திகையில் அது இல்லை.
"ஒன்பதரை," என்றாயாம்.
"பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு
எல்லோரும் அடுப்பை நிரப்பும் நேரம்.
மறுபடி விடிகாலை ஐந்தரை.
அதில் ஒரு புகைபோக்கி என்னுடையது."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
அவள் தலை தூக்கினாள்.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
நெருப்பில்லாமல் அங்கே
ஒரு குழந்தையும் உறங்காது.
இதை நீ சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாமே என்று திரும்பும் வழியில் தோன்றியதாம்.
நல்ல பதில்கள் எல்லாம்
பஸ்ஸில்தான் வந்து ஏறுகின்றன.

பத்து நாளில் சொல்கிறோம் என்றார்களாம்.
உப்புத் தேநீரை மிச்சமில்லாமல் குடித்தாய்.
"இனி இது எப்படி மணந்தால் என்ன,"
என்று கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாய்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை; எட்டு மாடிக்கும்
உன் காலடி கேட்டது.

பாத்திரம் கழுவினேன். தொலைக்காட்சி பார்த்தேன்.
பிறகு பால்கனிக் கதவை ஒரு விரலளவு திறந்து
வடக்கு மேட்டைப் பார்த்தேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன.
மணி ஒன்பது முப்பத்திரண்டு.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.