கத்தரிப்பது பராமரிப்பு

நவம்பர். ஹார்லிங்கன் துறைமுகத்தில்
கடல் பின்வாங்கிச் சேறு தெரியும் நேரம்.
விமானத்தில் வீங்கிய கால்கள் இன்னும் வடியவில்லை.
நோட்டரி தெர்ப்ஸ்ட்ரா
பேனா மூடியால் மேசையை மூன்று முறை தட்டினாள்.

முழுதாக ஏற்கலாம்:
வீடும் உன்னுடையது, கடனும் உன்னுடையது,
டனீடினில் நீ வாங்கிய கூரைவரை அதற்குக் கை நீளும்.
மறுக்கலாம்:
அப்போது அது கதவு மாறி உன் மகளைத் தட்டும்.
அல்லது, அப்பா விட்டுப்போனது எவ்வளவோ
அவ்வளவுக்கு மட்டும் பொறுப்பு.
அதற்கு லேயுவார்டன் நீதிமன்றத்தில் ஒரு கையெழுத்து.

அதுவரை
சொந்தக்காரனைப்போல் நடந்துகொள்ளாதே, ரீன்க்.
விற்காதே. கொடுக்காதே.
அப்பாவின் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தந்ததால்
முழுக் கடனையும் தலையில் சுமந்தவர்கள் உண்டு.

"அவருக்குக் கடன் இருந்ததா?"

எங்கள் மொழியில்
கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்.
பதினோரு வருடம் வராத மகனிடம்
அதைக் கேட்டால்
அவன் யாருடையதைச் சொல்வான்?
படகுக்கு ஒன்று, என்றேன்.
மற்றது தெரியாது.

வீட்டின் சாவி என் பையில்;
வீடு என்னுடையது அல்ல.
அவருடைய கோட்டின் பக்கத்தில்
என் கோட்டை மாட்டத் தயங்கி
கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.
காபி டின்னில் இரண்டு கரண்டி மிச்சம்.
தூக்கிப் பார்த்தேன், வைத்தேன்.
பசி அடங்காமல்
ரயிலடிக் கடையில் மீன் வாங்கி
நின்றபடி தின்றேன், விருந்தாளிகூட இல்லாதவனாக.

இரவு பத்து. அங்கே காலை பத்து.
"அந்த பாரோமீட்டரை எடுத்துட்டு வாப்பா" என்றாள் ஃபெம்கே.
முடியாதும்மா.
"தாத்தாவோடதுதானே?"
இன்னும் தாத்தாவோடதுதான்.
அதனால்தான்.

முள் 'மாறும்' என்பதில் நின்றிருந்தது.
கண்ணாடியை விரலால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.
தட்டுவது எந்தப் பிரிவில் வரும்?

மறுநாள் ஃபூக்யே வந்தாள்,
எண்பத்து மூன்று வயது, ஈரமான ரப்பர் செருப்பு.
அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும்
ஜன்னல் ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள்.
"டவுவா எனக்குத்தான் தருவதாகச் சொன்னான்.
எழுதிவைக்கவில்லை. அவன் எதைத்தான் எழுதினான்."
கை நீட்டவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்,
ரயில் வருமா என்று பார்ப்பவளைப்போல.

நான் நோட்டரியைக் கூப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.
தண்ணீர் ஊற்றலாமா?
"ஊற்றலாம். அது பராமரிப்பு."
தொட்டியைக் கொடுக்கலாமா?
"கூடாது. கொடுப்பவன் சொந்தக்காரன்."
கொஞ்சம் மௌனம். தாள் புரளும் ஓசை.
"காய்ந்ததைக் கத்தரிக்கலாம்" என்றாள், கேட்காமலே.
"நீண்டு போனதையும்.
செடிக்கு நல்லது."

சமையலறைக் கத்தரிக்கோல், துருப்பிடித்தது,
அதுவும் பட்டியலில் வரும்.
காய்ந்த இலைகள் முதலில். அப்புறம்
கணுவுக்குக் கீழே, சாய்வாக,
அவர் வெட்டுவதை எப்போதோ பார்த்த கை
தானாக வெட்டியது.
மூன்று தண்டுகள். பச்சை.
குப்பைக் கூடையை ஃபூக்யேதான் பிடித்திருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை நாங்கள்.
அவள் போன பிறகு கூடையில்
காய்ந்தவை மட்டும் இருந்தன.
விரல்களில் அந்தக் காரமான மணம்
லேயுவார்டன் ரயிலிலும் போகவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
இருப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு.

பட்டியல் எழுதும்போது:
பாரோமீட்டர், ஒன்று.
கத்தரிக்கோல், ஒன்று, துரு.
படகு, கடனோடு.
ஜெரேனியம், ஒன்று.

கிளைகளை எண்ணச் சொல்லும் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.